விசாகா கமிட்டியில் ஜெயித்த பிறகு நடந்தவை

பணியிடப் பாலியல் தொல்லை வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால், அங்கே "அது நடந்ததா, இல்லையா" என்று விசாரிப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். என் வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்துக்கும் அதன் பிறகு சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போய் வந்தது. இரண்டு இடத்திலும் என்ன நடந்தது என்று என்னை யாரும் கேட்கவில்லை. அங்கே அலசப்பட்டதெல்லாம் எங்கள் கம்பெனியின் விசாகா கமிட்டி, அதாவது பணியிடப் பாலியல் புகார்களை விசாரிக்கும் உள் கமிட்டி, வைத்திருந்த ஃபைல்தான். எந்தத் தேதியில் எத்தனை உறுப்பினர்கள் உட்கார்ந்தார்கள், எந்தக் காகிதம் யாருக்கு எப்போது கொடுக்கப்பட்டது, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து இருக்கிறதா என்பவைதான் கேள்விகள். இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் எனக்கு ஓராண்டுக்கு மேல் மிச்சமாகியிருக்கும்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். கம்பெனியின் பெயரையும் அந்த மனிதரின் பெயரையும் எழுதப் போவதில்லை. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16 ஆவது பிரிவு, புகார் விவரங்களையும் சம்பந்தப்பட்டவர்களின் அடையாளத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது. கிடைத்த நீதியைப் பற்றிப் பெயர், முகவரி இல்லாமல் சொல்லலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அவர் கொள்முதல் பிரிவின் மேலாளர். பில் சரிபார்க்கிற சாக்கில் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். தோளில் கை வைப்பார். நான் விலகினால் "என்னம்மா, தங்கச்சி மாதிரிதானே" என்று எல்லோர் முன்னாலும் சிரிப்பார். இரவு பத்து மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் வருகிற செய்திகளில் அந்தத் தங்கச்சியைக் காணோம். பதில் சொல்லாமல் இருந்ததற்கு, வெண்டர்களின் பில்களை வேண்டுமென்றே தாமதமாக அனுப்பி மாதக் கடைசியில் என்னைத் திட்டு வாங்க வைத்தார். ஒரு நாள் ஸ்டோர் ரூமில் வழியை மறித்துக்கொண்டு நின்றார். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட முடியவில்லை. அம்மாவிடம் சொல்லவும் முடியவில்லை. சொன்னால் வேலையை விட்டுவிடு என்பார். என் சம்பளம் இல்லாமல் வீட்டுக் கடன் தவணை ஓடாது.

கடைசிச் சம்பவம் நடந்து இரண்டு மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தபோதுதான் புகார் எழுத உட்கார்ந்தேன். கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்பது 9 ஆவது பிரிவு. சரியான காரணம் இருந்தால் கமிட்டி அதை எழுத்தில் பதிவு செய்து இன்னொரு மூன்று மாதம் நீட்டிக்கலாம். அதற்கு மேல் இல்லை. இது எவ்வளவு கறாரானது என்பதை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் காட்டிவிட்டது. மேற்கு வங்கத்தில் ஒரு துணைவேந்தர் மீது பேராசிரியை கொடுத்த புகார் அது. கடைசிச் சம்பவம் 2023 ஏப்ரலில், புகார் டிசம்பரில். காலவரம்பு கடந்துவிட்டது என்று புகாரை ஏற்க மறுத்த நீதிமன்றம், அந்த விவகாரம் துணைவேந்தருடைய தன்விவரக் குறிப்பில் இடம்பெற வேண்டும் என்றும் உத்தரவிட்டது. தன்விவரக் குறிப்பில் ஒரு பத்தி என்பது அந்தப் பேராசிரியைக்கு எந்த அளவு ஆறுதல் என்று எனக்குப் புரியவில்லை. ஆகவே மனம் ஆறட்டும், அடுத்த இன்கிரிமெண்ட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பின்விளைவுகள் எல்லாம் சம்பவமாகக் கணக்கில் சேரும் என்று நம்பியிருக்க முடியாது, ஆனாலும் பில் தாமதம், மிரட்டல், கிண்டல் எல்லாவற்றையும் தேதியோடு எழுதி வையுங்கள். கடைசிச் சம்பவம் எது என்பதில்தான் காலக்கணக்கே தொடங்குகிறது.

புகாரை மெயிலில் அனுப்பிவிட்டு ஒரு வாரம் காத்திருந்தேன். பிறகுதான் மனிதவள மேலாளர் கூப்பிட்டு, ஆறு நகல்கள் வேண்டும், சாட்சிகளின் பெயரும் முகவரியும் இணைக்க வேண்டும் என்றார். விதி அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கலாமே? எங்கள் நோட்டீஸ் போர்டில் கமிட்டி உறுப்பினர்கள் என்று ஒட்டியிருந்த தாளில் இரண்டு பேர் வேலையை விட்டே போயிருந்தார்கள். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் கமிட்டி இருக்க வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியராக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். தொண்டு நிறுவனத்திலிருந்தோ இத்துறையில் அனுபவம் உள்ளவர்களிலிருந்தோ வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும். பத்து பேருக்குக் குறைவான இடமென்றால், அல்லது புகாரே முதலாளி மீதென்றால், மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் போகலாம். புகார் கொடுக்கும்போதே, கமிட்டி அமைக்கப்பட்ட ஆணையின் நகலைக் கேட்டு ஒரு வரி எழுதிவிடுங்கள். தப்பாக அமைந்த கமிட்டி உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதினாலும் அது நிற்காது.

முதல் வாரத்திலேயே சமரசம் பேசினார்கள். இரண்டு மாதச் சம்பளம் கொடுத்துவிடுகிறோம், புகாரை விட்டுவிடும்மா என்றார் மனிதவள மேலாளர். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி, தாயைப் போலத்தான் பேசினார். சட்டத்தில் சமரசத்துக்கு இடம் உண்டு. ஆனால் அதைப் புகார் கொடுத்த பெண்தான் கேட்க வேண்டும், பணம் அதற்கு அடிப்படையாக இருக்கக் கூடாது என்று 10 ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்தேன். மறுவாரம் என்னை ஸ்ரீபெரும்புதூர்க் கிளைக்கு மாற்றினார்கள். கொள்முதல் மேலாளர் அதே அறையில், அதே நாற்காலியில். போக வர மூன்று மணி நேரம் ஆனதால் தாக்குப்பிடிக்க முடியாமல் சம்பளமில்லா விடுப்பு எடுத்தேன். விசாரணைக் காலத்தில் மூன்று மாதம் வரை தனி விடுப்பு கேட்கலாம், அது நம் வழக்கமான விடுப்புக் கணக்கில் சேராது, எதிர்தரப்பை மாற்றச் சொல்லியும் கேட்கலாம் என்பதெல்லாம் 12 ஆவது பிரிவில் இருக்கிறது. ஒன்றுதான் நிபந்தனை: நாம் எழுத்தில் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் யாரும் கூப்பிட்டுக் கொடுக்க மாட்டார்கள். இந்த ஒரு வரி தெரியாததால் எனக்குப் போனது எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல்.

விசாரணையில் வக்கீலை அழைத்து வர இரு தரப்புக்கும் அனுமதி இல்லை. வெளியே வக்கீலிடம் ஆலோசனை கேட்டு மனுக்களை எழுதி எடுத்துப் போகத் தடை இல்லை. அவர் அதைச் செய்தார் என்பது அவருடைய பதிலைப் படித்தபோது தெரிந்தது. கொள்முதல் மேலாளர் எழுதுகிற ஆங்கிலமே அல்ல அது. சாட்சி சொல்வதாக இருந்த ஸ்டோர் பையன் கடைசி நேரத்தில் "அக்கா, வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்" என்று ஒதுங்கிக்கொண்டான். அவன் மேல் கோபம் வரவில்லை, ஒப்பந்தத் தொழிலாளி அவன். டெஸ்பாட்ச் பிரிவில் ஒரு அக்கா மட்டும் வந்து பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். வாட்ஸ்அப் செய்திகள் கை கொடுத்தன. கமிட்டி விசாரணைக்குக் குற்றவியல் வழக்கு அளவுக்குச் சந்தேகமற்ற நிரூபணம் தேவையில்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்தால் போதும். கமிட்டி எனக்குச் சாதகமாக அறிக்கை கொடுத்தது. அவரைப் பதவியிறக்கம் செய்து வேறு ஊருக்கு மாற்றினார்கள். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

சில மாதங்கள் கழித்து, பழைய சக ஊழியர் ஒருவர் போனில் பேச்சுவாக்கில் "அவர் லேபர் கோர்ட்டில் கேஸ் போட்டிருக்கிறாரே, உனக்குத் தெரியாதா" என்றார். தெரியாது. 18 ஆவது பிரிவின்படி பரிந்துரைக்கு எதிராகத் தொண்ணூறு நாளில் மேல்முறையீடு செய்யலாம். அவர் செய்திருந்தார். அதில் எதிர்மனுதாரர் கம்பெனி மட்டும்தான். என் பெயர் இல்லை, எனக்கு நோட்டீஸ் இல்லை. என் உடம்பைப் பற்றிய வழக்கு, என்னைத் தவிர எல்லோரும் இருக்கிற இடத்தில் நடந்துகொண்டிருந்தது. கம்பெனி வக்கீலுக்கு இது பத்தோடு பதினொன்று. வாய்தா வாங்குவதில்தான் அவருக்கு அக்கறை. பாரிமுனையில் ஒரு பெண் வக்கீலைப் பிடித்து, என்னையும் ஒரு தரப்பாகச் சேர்க்கக் கோரி மனுப் போட்டேன். அது நீதிமன்றத்தில் பதிவாகி எண் பெற்று உத்தரவு வரவே மாதக்கணக்கில் ஆனது. சாதகமான அறிக்கை கையில் வந்த அன்றே, மேல்முறையீடு வந்தால் உடனே தெரிவிக்க வேண்டும் என்று கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். தொண்ணூறு நாள் முடிகிற சமயத்தில், அவர் பெயரில் ஏதாவது தாக்கலாகியிருக்கிறதா என்று வக்கீல் குமாஸ்தா மூலம் விசாரித்துப் பாருங்கள். தண்டனை குறைவு என்று தோன்றினால் அதே தொண்ணூறு நாளில் நாமும் மேல்முறையீடு செய்யலாம், அதையும் யாரும் சொல்லித் தரமாட்டார்கள்.

வக்கீல் செலவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சுற்றுக்கு மட்டும் அறுபதாயிரம் ஆனது, என் தம்பி கொடுத்தான். பெண் என்றால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவிக்குத் தகுதி உண்டு என்று 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 12 ஆவது பிரிவில் சொல்கிறது. ஏழைகளுக்கு மட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். அடுத்த சுற்றில் எனக்குக் கிடைத்தவர் அப்படி வந்த வக்கீல்தான். காசு வாங்கியவரைவிட நன்றாகவே ஃபைலைப் படித்திருந்தார்.

தொழிலாளர் நீதிமன்றம் கமிட்டி அறிக்கையை ரத்து செய்தது. காரணம் இரண்டு. டெஸ்பாட்ச் அக்கா சாட்சி சொன்ன நாளில் கமிட்டியில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். தலைவரோடு சேர்த்துக் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த அக்காவின் வாக்குமூல நகலைக் கொள்முதல் மேலாளருக்குக் கொடுத்துக் கேள்வி கேட்க வாய்ப்புத் தரவில்லை. புதிதாக விசாரிக்க உத்தரவு. தீர்ப்பில் அவர் நல்லவர் என்று ஒரு வார்த்தை இல்லை, நான் பொய் சொன்னேன் என்றும் இல்லை. ஆனால் மறுநாள் கம்பெனி முழுக்கப் பரவியது "கேஸ் தள்ளுபடி, அவர் ஜெயித்துவிட்டார்" என்பதுதான். தாம்பரம் போகிற ரயிலில் ஏறி எங்கே போகிறேன் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். என் வீடு அந்தப் பக்கமே இல்லை.

கோபம் அடங்கிய பிறகு, வக்கீல் ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படிக்கக் கொடுத்தார். கோவாவில் ஒரு பல்கலைக்கழகத் துறைத்தலைவர் மீது 2009 இல் மாணவிகள் புகார் கொடுத்தார்கள். கமிட்டி குற்றம் நிரூபணமானது என்றது, வேலை போனது, உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம், விசாரணையை அவசர அவசரமாக முடித்து அவருக்குத் தற்காத்துக்கொள்ள வாய்ப்புக் கொடுக்கவில்லை என்று எல்லாவற்றையும் ரத்து செய்து மீண்டும் விசாரணைக்கு அனுப்பியது. பதினான்கு ஆண்டுகள். அந்த மாணவிகளுக்கு இப்போது என்ன வயது இருக்கும், மறுபடி வந்து சாட்சி சொல்லச் சொன்னால் எப்படி இருக்கும் என்பதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். சட்டம் தப்பில்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்கு வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும். ஆனால் கமிட்டி செய்த குளறுபடிக்கு விலை கொடுப்பது கமிட்டி அல்ல.

இரண்டாவது விசாரணையில் நான் வேறு ஆளாகப் போனேன். ஒவ்வொரு அமர்விலும் வந்தவர்களின் பெயரைக் குறித்துக்கொண்டேன். மூன்று பேர் இல்லையென்றால், இன்று வேண்டாம், தேதி மாற்றுங்கள் என்று நானே சொன்னேன். கமிட்டித் தலைவர் முகத்தைச் சுளித்தார். என் வாக்குமூலத்தின் நகலும் சாட்சிகள் சொன்னதன் நகலும் அவருக்குக் கொடுக்கப்பட்டதா, கையெழுத்து வாங்கினீர்களா என்று கேட்டேன். எனக்கு எதிரானவருக்குச் சேர வேண்டியதை நான் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது என்பது கேட்க வேடிக்கையாக இருக்கலாம். ஆடிட்டர் வருவதற்கு முன்பு வவுச்சர்களை ஒழுங்குபடுத்துகிற மாதிரிதான் அது. செலவு உண்மை என்பதால் மட்டும் வவுச்சர் இல்லாமல் விட்டுவிட முடியாது. அவருடைய குறுக்குக் கேள்விகளை எழுத்தில் வாங்கி, கமிட்டி வழியாக எனக்குக் கொடுக்கச் சொன்னேன், நேருக்கு நேர் உட்கார வேண்டியிருக்கவில்லை. பழைய போனை அப்படியே வைத்திருந்தேன், ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. நீதிமன்றம் வரை போனால் மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கேட்பார்கள். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி, 2024 ஜூலை முதல் புதிய சாட்சியச் சட்டத்தின் 63 ஆவது பிரிவு. செய்தி வந்த போனே கையில் இல்லையென்றால் அந்தச் சான்றிதழ் கொடுப்பது சிரமம்.

இழப்பீட்டைப் பற்றி முதல் தடவை கமிட்டி ஒரு வரியும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. 15 ஆவது பிரிவு மன வேதனை, வேலையில் இழந்த வாய்ப்பு, மருத்துவச் செலவு, எதிர்தரப்பின் வருமானம் ஆகியவற்றைப் பார்த்துத் தொகையை நிர்ணயிக்கச் சொல்கிறது. இந்த முறை மனநல மருத்துவரின் பில்கள், சம்பளம் வெட்டப்பட்ட மாதங்களின் சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பட்டியலாகப் போட்டுக் கொடுத்தேன். ஒன்றரை லட்சம் பரிந்துரைத்தார்கள், பணிநீக்கமும்.

இதற்கிடையே அவர் தரப்பிலிருந்து, பொய்ப் புகார் என்று நடவடிக்கை எடுக்கப்படும், அவதூறு வழக்கும் போடப்படும் என்று வக்கீல் நோட்டீஸ் வந்தது. படித்தபோது கை நடுங்கியது உண்மை. நிரூபிக்க முடியாமல் போவது வேறு, கெட்ட எண்ணத்தோடு பொய் சொல்வது வேறு. நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் பெண் மீது நடவடிக்கை எடுக்க முடியாது என்று 14 ஆவது பிரிவே சொல்கிறது. அவதூறைப் பொறுத்தவரை, பத்திரிகையாளர் பிரியா ரமணி மீது முன்னாள் மத்திய அமைச்சர் எம்.ஜே. அக்பர் தொடுத்த வழக்கில் 2021 பிப்ரவரியில் டெல்லி நீதிமன்றம் ரமணியை விடுவித்தது. பல பத்தாண்டுகள் கழித்தும் தன் குறையைச் சொல்லப் பெண்ணுக்கு உரிமை உண்டு என்றது. நோட்டீஸுக்கு இரண்டு பத்தியில் பதில் அனுப்பினோம். அதன் பிறகு சத்தம் இல்லை.

போலீஸில் ஏன் கொடுக்கவில்லை என்று இன்றும் கேட்கிறார்கள். கொடுக்கலாம், கமிட்டி விசாரணை அதற்குத் தடை இல்லை, கேட்டால் கம்பெனி உதவவும் வேண்டும். அப்போது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 354ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 75 ஆவது பிரிவு. 2021 இல் தமிழகத்தில் ஒரு பெண் ஐ.பி.எஸ். அதிகாரி தம் மேலதிகாரியான சிறப்பு டி.ஜி.பி. மீது புகார் கொடுக்கச் சென்னைக்கு வரும் வழியில் அவருடைய காரையே மறித்தார்கள். உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கண்காணித்த அந்த வழக்கில் 2023 ஜூன் மாதம் விழுப்புரம் நீதிமன்றம் மூன்றாண்டு சிறைத்தண்டனை விதித்தது. ஐ.பி.எஸ். அதிகாரிக்கே இந்தப் பாடு என்றால் கணக்குப் பிரிவு ஊழியருக்கு என்னவாகும் என்று அன்று பயந்தேன். ஆனால் தொட்டோ மிரட்டியோ நடந்திருந்தால், சாட்சி பலமாக இருந்தால், போலீஸ் புகாரையும் சேர்த்தே யோசியுங்கள் என்றுதான் இப்போது சொல்வேன்.

இரண்டாவது அறிக்கையை எதிர்த்து அவர் போட்ட மேல்முறையீடு தள்ளுபடியானது. அங்கிருந்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. தாம் பின்னால் நின்றது வேலையை மேற்பார்வையிடத்தான், தவறான நோக்கம் இல்லை என்பது அவருடைய வாதம். கிட்டத்தட்ட இதே வாதத்தோடு ஒரு மென்பொருள் நிறுவன மேலாளரின் வழக்கு ஏற்கெனவே அங்கே வந்திருந்தது. அதில் 2025 ஜனவரியில் நீதிபதி ஆர்.என். மஞ்சுளா, செய்தவரின் நோக்கம் என்ன என்பதைவிட, அந்தச் செயல் அந்தப் பெண்ணுக்கு விரும்பத்தகாததாக இருந்ததா என்பதே முக்கியம் என்று தீர்ப்பளித்து, கமிட்டி அறிக்கையை ரத்து செய்த தொழிலாளர் நீதிமன்ற உத்தரவைத் தள்ளினார். என் வக்கீல் அந்தத் தீர்ப்பையும், வருகைக் கையெழுத்துகள் இருந்த பக்கங்களையும் முன்வைத்தார். நடைமுறையில் குறை இல்லை என்று மனு தள்ளுபடியானது. வழக்குப் பட்டியலில் என் பெயர் வராமல் இருக்க மனுவில் அடையாளத்தை மறைக்கும்படி தொடக்கத்திலேயே கேட்டிருந்தோம். இதை முதல் நாளே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள், ஒரு தடவை இணையத்தில் ஏறிவிட்டால் இறக்குவது பெரும்பாடு.

இழப்பீடு இன்னும் வரவில்லை. பணிநீக்க உத்தரவுக்கு முன்பே அவர் ராஜினாமா செய்தார், கம்பெனி எதையும் பிடித்தம் செய்யாமல் கணக்கை முடித்து அனுப்பிவிட்டது. இதைத் தடுக்க, எதிர்தரப்பு ராஜினாமா செய்தால் கடைசிக் கணக்கில் இழப்பீட்டுத் தொகையை நிறுத்தி வைக்க வேண்டும் என்று கம்பெனிக்கு விசாரணை நடக்கும்போதே எழுதி வைப்பது நல்லது. வேலையை விட்டவர் தரவில்லை என்றால், 13 ஆவது பிரிவின்படி நில வருவாய் பாக்கியைப் போல வசூலிக்க மாவட்ட அலுவலருக்கு அனுப்பலாம். கம்பெனியை நச்சரித்து அந்தக் கடிதத்தை அனுப்ப வைத்திருக்கிறேன். ராஜாஜி சாலையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகமான சிங்காரவேலர் மாளிகையில் அந்த ஃபைல் இருக்கிறது. போன வாரம் கேட்டதற்கு, தாசில்தாருக்குப் போயிருக்கிறது, அவருடைய இப்போதைய முகவரியும் சொத்து விவரமும் இருந்தால் கொடுங்கள் என்றார்கள். தேடிக்கொண்டிருக்கிறேன்.